ஊரோடு நின்ற வைத்தியர்கள்: மானிப்பாய் கிறீனின் கதை

மாத்தளை மாவட்டத்தின் லக்கலவில் ஒரு நகரமே இடம்பெயர்ந்திருக்கிறது. மொரகஹகந்த – களு கங்கைத் திட்டத்தால் பழைய நகரம் நீருக்குள் போக, அரசு புதிய நகரம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தது. அதைப் பசுமை நகரம் என்கிறார்கள். அலுவலகங்கள், கடைகள், வைத்தியசாலை எல்லாம் புதிது. அங்கே நின்றபோது எனக்கு வந்த கேள்வி, மீள்குடியேறிய நம் ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. கட்டடம் வந்துவிட்டது, அதில் வேலை செய்பவர்கள் ஊரோடு நிற்பார்களா?

இதே கேள்விக்கு 160 வருடங்களுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் ஒருவர் பதில் தேடினார். அவர் பெயரின் பொருளும் பசுமைதான்: வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டரில் பிறந்தார். அப்போது அங்கே மூவாயிரம் பேரளவில்தான் இருந்தார்கள். அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் வருடத்துக்கு ஒருமுறையாவது ஊரவர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். எந்தத் தெருவைத் திருத்துவது, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைத் தாங்களே கைதூக்கி முடிவு செய்வார்கள். எல்லாருக்கும் அதில் குரல் இருந்ததில்லை, பெண்களுக்கு வாக்கில்லை. ஆனாலும் ஊரின் வேலை ஊரவனுடையது என்ற பழக்கம் அங்கே ஊறியிருந்தது. கிறீன் அதைக் கப்பலில் கூடவே கொண்டுவந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நியூயோர்க்கில் மருத்துவம் படித்துவிட்டு, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இலங்கை வந்தார். மறுவருடமே மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்து மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் அரச மருத்துவப் பள்ளி 1870இல்தான் வந்தது. அவர் வந்தது மதம் பரப்பவும்தான். அதை அவர் மறைத்ததில்லை, நாமும் மறைக்கத் தேவையில்லை.

முதலில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. படித்து முடித்த பொடியன்கள் அந்த ஆங்கிலத்தையே பிடித்துக்கொண்டு அரச உத்தியோகத்துக்கும் வெளியூருக்கும் போனார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். 1864இல் கிறீன் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் தமிழ்க் கிராமத்தில் தங்குவான் என்பது அவர் கணக்கு. மாணவர்கள் உடையிலும் பழக்கவழக்கத்திலும் தமிழராகவே இருக்கவேண்டும், வெள்ளைக்காரரைப் போல மாறக்கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். அவரிடம் தேறிய அறுபதுக்கு மேற்பட்டவர்களில் 33 பேர் தமிழிலேயே மருத்துவம் படித்தவர்கள்.

இதைக் கேட்கச் சுலபம். அன்றைக்குப் புத்தகமே இல்லை. உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை, இரசாயனம் என்று ஒவ்வொன்றாக அவரும் மாணவர்களும் தமிழாக்கினார்கள். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்ற பெயர்கள் இன்று விசித்திரமாக ஒலிக்கலாம். தமிழில் சொல் இருந்தால் அது, இல்லையென்றால் வடமொழி, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பதே அவர் வழி. தமிழில் மருத்துவம் முடியுமா என்று நாம் இன்னும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்!

யுத்த காலத்தில் ஊர் வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் நிற்கிறாரா, போய்விட்டாரா என்பதில் உயிர் தங்கியிருந்ததை இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கிறீனின் கணக்கு எவ்வளவு கனமானது என்பது எனக்கு அந்த நினைவோடுதான் புரிந்தது.

1873இல் அவர் வூஸ்டருக்குத் திரும்பினார். சிற்றூராக விட்டுவந்த இடம் அதற்குள் மாநகரமாகியிருந்தது. அவருடைய அண்ணன் அன்ட்ரூ நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கியவர்களில் ஒருவர். தம்பியோ வீட்டிலிருந்தபடி தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884இல் இறந்தார். தமிழர்களுக்காக உழைத்த வைத்தியர் என்பதைக் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். குடும்பத்தின் கிறீன் ஹில் நிலம் பிறகு வூஸ்டர் மக்களுக்குப் பொதுப் பூங்காவாகக் கொடுக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயரில் ஒரு வைத்தியசாலை இருக்கிறது.