முன்பணம் இல்லாமலே புது வீடு... உருளைக்கிழங்கு வயலை ஊராக மாற்றிய வில்லியம் லெவிட் யார்?

வாடகை 60 டாலர். சொந்த வீட்டுக்கு மாதத் தவணை 58 டாலர். 1949-ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் இப்படி ஒரு கணக்கு வந்ததும், இளம் தம்பதிகள் விற்பனை அலுவலக வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். வீட்டை விற்றவர் வில்லியம் லெவிட். முதல்முறை வீடு வாங்குபவர்களுக்காகவே ஒரு ஊரைக் கட்டியவர். ஆனால், அந்த ஊரின் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை.

யார் இந்த லெவிட்?

1907-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஆபிரகாம் வக்கீல். 1929-ல் குடும்பமாகச் சேர்ந்து 'லெவிட் அண்ட் சன்ஸ்' என்ற கட்டுமான நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தம்பி ஆல்ஃப்ரெட் வீட்டை வடிவமைப்பார். பணமும் விற்பனையும் வில்லியம் கையில். இரண்டாம் உலகப் போரில் அவர் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவில் பணியாற்றினார்.

அப்போது என்ன பிரச்னை?

போர் முடிந்து லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினார்கள். கல்யாணம் ஆச்சு, குழந்தை வந்தாச்சு, வீடு மட்டும் இல்லை. பலர் பெற்றோர் வீட்டிலேயே ஒண்டிக் கிடந்தார்கள்.

லெவிட் என்ன செய்தார்?

1947-ல் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் வேலையைத் தொடங்கினார். காரைத் தொழிற்சாலையில் கட்டுவதுபோல வீட்டைக் கட்டினார். வேலையை 27 கட்டமாகப் பிரித்தார். வீடு நின்ற இடத்தில் நிற்கும், ஆட்கள் குழு குழுவாக வீடு வீடாக நகர்வார்கள். ஒரு குழு காங்கிரீட் தளம் போடும், இன்னொரு குழு பெயிண்ட் மட்டும் அடிக்கும். மரம், ஆணி வரைக்கும் சொந்தத் தயாரிப்பு. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 30 வீடு வரை ரெடியானது. 1951-க்குள் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஊருக்குப் பெயர் லெவிட்டவுன்.

கையில் காசில்லாதவர்கள் எப்படி வாங்கினார்கள்?

இங்கேதான் அரசு வருகிறது. 1930-களுக்கு முன்பு வீட்டு விலையில் பாதியைக் கையில் வைத்திருந்தால்தான் பெரும்பாலும் லோன் கிடைக்கும். அதையும் சில ஆண்டுகளில் அடைக்க வேண்டும். 1934-ல் வந்த மத்திய வீட்டுக்கடன் அமைப்பும், 1944-ல் முன்னாள் வீரர்களுக்காக வந்த சட்டமும் இதை மாற்றின. கடனுக்கு அரசே உத்தரவாதம் கொடுத்ததால் வங்கிகள் நீண்டகாலத் தவணைக்கு இறங்கி வந்தன.

லெவிட் வீட்டின் விலை 7,990 டாலர். முன்னாள் வீரர்களுக்கு முன்பணம் கிடையாது. மறைமுகக் கட்டணம் இல்லை. பேப்பர் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். விலை, முன்பணம், அலைச்சல் என மூன்று தடைகளும் ஒரே இடத்தில் உடைந்தன.

யாருக்குக் கதவு மூடியிருந்தது?

கறுப்பினத்தவருக்கு. வெள்ளையர் அல்லாதவர்கள் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அரசு உத்தரவாதமும் இந்தப் பாகுபாட்டுக்குத் துணை நின்றது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் லெவிட் மாறவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்றால் வெள்ளையர்கள் வாங்க மாட்டார்கள் என்பது அவர் வாதம்.

1957-ல் பென்சில்வேனியா லெவிட்டவுனில் பில், டெய்சி மயர்ஸ் தம்பதி வேறொரு உரிமையாளரிடம் வீடு வாங்கிக் குடியேறினார்கள். பில் மயர்ஸும் முன்னாள் ராணுவ வீரர்தான். கூட்டம் கூடியது, கல் பறந்தது, ஜன்னல் உடைந்தது. அந்தக் குடும்பம் அசரவில்லை. நியூ ஜெர்சியில் வழக்கில் தோற்ற பிறகே, 1960-ல் லெவிட் அங்கே வழிவிட்டார்.

கடைசியில் என்ன ஆனார்?

1968-ல் நிறுவனத்தை ஐ.டி.டி. குழுமத்துக்கு விற்றார். பணமாக வாங்காமல் பங்குகளாக வாங்கினார். பங்கு விலை சரிந்தது, சொத்து கரைந்தது. பிறகு தொடங்கிய திட்டங்களும் கைகொடுக்கவில்லை. 1994-ல் 86 வயதில் இறந்தபோது, ஒருகாலத்தில் தான் நன்கொடை கொடுத்த மருத்துவமனையிலேயே பில் கட்ட முடியாத நிலையில் இருந்தார்.

இன்றைக்கும் ஏன் பேசப்படுகிறார்?

8 ஆயிரம் டாலருக்குள் விற்ற அந்த வீடுகள் இன்று பல லட்சம் டாலர். அன்று வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அது படிப்புச் செலவாக, குடும்பச் சொத்தாக மாறியது. அதே போரில் சண்டை போட்டும் வாங்க முடியாமல் போனவர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சொத்து கிடைக்கவில்லை. அமெரிக்காவில் வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968-ல்தான் வந்தது. அதற்குள் லெவிட்டவுனின் மலிவு விலைக் காலம் முடிந்துவிட்டது.