கருப்புக் கட்டையில் சுருதி சேர்த்தவர்

ஃபங்க் இசை கேட்கணும்னு ஆசை, ஆனா எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலையா? இணையத்தில் தேடினால் "கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஆல்பங்கள்" என்று வரிசையாகப் பட்டியல் வரும். ஜேம்ஸ் பிரவுன், ஸ்லை ஸ்டோன், பார்லிமென்ட், ஹெர்பி ஹான்காக்... எல்லாமே கேட்க வேண்டியவைதான். ஆனா நூறையும் சேமிச்சு வெச்சுட்டு ஒண்ணைக்கூட முழுசாக் கேட்காம விடுறதுதான் நம்ம வழக்கம். செமஸ்டருக்கு முன்னாடி இறக்கி வைக்கிற பி.டி.எஃப். மாதிரி. அதனால இங்கே பட்டியல் கிடையாது. ஒரே ஒரு மனுஷனோட வாழ்க்கையைச் சொல்றேன். போற வழியில அஞ்சு ஆல்பம் வரும். அவர் பெயர் கர்ட்டிஸ் மேஃபீல்டு.

முதல்ல ஃபங்க்னா என்னன்னு கொஞ்சம். சாதாரணப் பாட்டில் மெட்டுதான் முதலாளி, தாளம் அதுக்குப் பின்னால வரும். ஃபங்க்கில் அது தலைகீழ். நாலு எண்ணிக்கை கொண்ட சுற்றில் முதல் அடியில், நம்ம கச்சேரி பாஷையில் சமத்தில், மொத்தக் குழுவும் அழுத்தமாக வந்து இறங்கும். மிச்ச நேரத்தில் பேஸ் கிட்டார் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம், லீட் கிட்டார் இன்னொரு பக்கம்னு சின்னச் சின்னத் துண்டுகளாக, நடுவில் இடைவெளி விட்டு வாசிப்பாங்க. அந்த இடைவெளியில்தான் நம்ம கால் ஆடும். இதை 1960-களின் நடுவில் கட்டி எழுப்பியவர் ஜேம்ஸ் பிரவுன். அவர் குரல் கத்தும், கட்டளை போடும். மேஃபீல்டு அதே மாதிரி தாளத்துக்கு மேல் மிக மெல்லிய கள்ளக்குரலில் பாடினார். பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்ற மாதிரி இருக்கும். சொன்ன விஷயம் மட்டும் மெல்லியது இல்லை.

1942 ஜூன் 3-ஆம் தேதி சிகாகோவில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா வறுமையில் பிள்ளைகளை வளர்த்தார். பாட்டி ஒரு சின்ன தேவாலயத்தில் பிரசங்கியார். சர்ச் பாட்டுதான் பையனுக்கு முதல் பள்ளிக்கூடம். பிறகு குடும்பம் காப்ரினி கிரீன் என்ற அரசுக் குடியிருப்புக்கு வந்தது. நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிய வீடுகள்.

இப்ப நம்ம காலேஜ் ஆளுங்களுக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். பையனுக்குப் பியானோவில் கருப்புக் கட்டைகளை மட்டும் வைத்து வாசிக்கப் பழக்கம். கீபோர்டு இருந்தா நீங்களும் வாசிச்சுப் பாருங்க, எந்த வரிசையில் தட்டினாலும் அபஸ்வரம் வராது. மூணு கருப்புக் கட்டை சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ஸட்ஜமாக வைத்தால் அது அப்படியே மோகன ராகம். கையில் கிட்டார் கிடைத்தபோது, எப்படிச் சுருதி சேர்க்கணும்னு சொல்லித்தர ஆள் இல்லை. அவர் என்ன செய்தார்? தனக்குத் தெரிந்த கருப்புக் கட்டை ஸ்வரங்களுக்கே ஆறு கம்பியையும் முறுக்கி வைத்துக்கொண்டார். உலகத்தில் மத்தவங்க எல்லாரும் ஒரு முறையில் சுருதி சேர்க்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்போதும் மாற்றவில்லை. கடைசிவரை அதே சுருதிதான். அவருடைய கிட்டாரை வாங்கி வாசிக்க முயன்ற மத்தவங்களுக்கு விரல் எங்கே வைப்பதென்றே புரியாது. அவருடைய கோர்டுகள் தண்ணீர் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். சர்ச்சில் கூடப் பாடிய ஜெர்ரி பட்லரோடு சேர்ந்த குழுதான் பிறகு தி இம்ப்ரெஷன்ஸ் ஆனது. 1958-ல் முதல் பாட்டே ஹிட். உடனே பட்லர் தனியாகப் போய்விட்டார், குழு ஆட்டம் கண்டது. மேஃபீல்டு என்ன பண்ணார்னா, அதே பட்லருக்குப் பாட்டு எழுதிக்கொடுத்து, அவர் பின்னால் நின்று கிட்டார் வாசித்துக் காசு சேர்த்து, இம்ப்ரெஷன்ஸை மறுபடி கூட்டி 1961-ல் 'ஜிப்சி உமன்' பதிவு செய்தார். அப்போ அவருக்கு வயது 19.

அதே வயதுக் காலத்தில் அவர் செய்த இன்னொரு காரியம், எனக்கு அவர் பாட்டுகளைவிடப் பெரிசாத் தோணும். பாட்டின் பதிப்புரிமைக்காகச் சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஒரு பாட்டு ரேடியோவில் ஓடினாலோ இன்னொருத்தர் அதைப் பாடினாலோ வருகிற பணம் எழுதினவருக்குப் பாதி, பதிப்பாளருக்குப் பாதி என்பது அந்தத் தொழிலின் வழக்கம். அந்தக் காலத்தில் கறுப்பினக் கலைஞர்கள் பலபேர் ஒரு காருக்கும் கொஞ்சம் ரொக்கத்துக்கும் அந்த உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டு, பாட்டு உலகமெல்லாம் ஓடும்போது வெறுங்கையோடு நின்றார்கள். படிப்பை முடிக்காத இந்தப் பையன் ஒப்பந்தத்தில் அந்த வரியைக் கவனித்தான். 1968-ல் எடி தாமஸ் என்ற கூட்டாளியோடு கர்ட்டம் என்ற ரெக்கார்டு கம்பெனியும் வந்தது. கர்ட்டிஸ், தாமஸ், இரண்டு பெயரையும் ஒட்டினால் கர்ட்டம். அவ்வளவுதான்.

நடுவில் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம். 'கீப் ஆன் புஷ்ஷிங்', 'பீப்பிள் கெட் ரெடி' என்று இவர் எழுதிய பாட்டுகள் ஊர்வலங்களில் ஒலித்தன. சர்ச்சில் கேட்ட வார்த்தைகளை அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்தார். 'வி ஆர் எ வின்னர்' வந்தபோது, கறுப்பின மக்களைத் தலைநிமிரச் சொல்கிறது என்பதாலேயே சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. 1968-ல் கறுப்பினப் பாடல்களின் தரவரிசையில் அது முதலிடத்துக்குப் போனது.

1970-ல் குழுவை விட்டுத் தனியாக வந்தார். முதல் ஆல்பத்தின் பெயர் 'கர்ட்டிஸ்'. இது நீங்க கேட்க வேண்டிய இரண்டாவது ஆல்பம் (முதல் எதுன்னு பின்னாடி சொல்றேன்). இதில்தான் 'மூவ் ஆன் அப்' இருக்கு. கிட்டத்தட்ட 9 நிமிடம். முதல் 4 நிமிடம் பாட்டு. மீதி முழுக்கத் தாள வாத்தியங்களும் டிரம்பெட்டும் போட்டி போடும். கான்யே வெஸ்டின் 'டச் தி ஸ்கை' கேட்டிருந்தீங்கன்னா அந்த டிரம்பெட் ஏற்கெனவே உங்க காதில் இருக்கு. வேடிக்கை என்னன்னா, வந்த புதிதில் அமெரிக்காவில் இந்தப் பாட்டு சிங்கிளாக எடுபடவே இல்லை. பிரிட்டனில்தான் ஓடியது.

அடுத்த வருஷம் 'கர்ட்டிஸ் லைவ்'. நியூயார்க்கில் பிட்டர் எண்ட் என்ற சின்ன கிளப்பில், மொத்தம் 5 பேர் வாசித்தது. ஊதுகுழல் இல்லை, வயலின் கூட்டம் இல்லை. ஹென்றி கிப்சன் வாசிக்கும் காங்காவும், லக்கி ஸ்காட்டின் பேஸ் கிட்டாரும் எவ்வளவு இடத்தைக் காலியாக விடுகின்றன என்று கவனியுங்க. ஃபங்க் எப்படிக் கட்டப்படுதுன்னு பார்க்க இதுதான் சரியான ஆய்வகம்.

இப்ப முதல் ஆல்பம். 'சூப்பர் ஃப்ளை', 1972.

அது ஒரு சினிமாவுக்கான இசை. கதை: நியூயார்க்கின் ஹார்லெமில் கொக்கைன் விற்கும் ஒருத்தன், கடைசியாக ஒரே ஒரு பெரிய கைமாற்று செய்துவிட்டுத் தொழிலை விட நினைக்கிறான். கதையைப் படித்தபோது மேஃபீல்டுக்குப் பிடித்திருந்தது. எடுத்த காட்சிகளைப் பார்த்ததும் சங்கடமாகிவிட்டது. ஹீரோ போடும் கோட்டும், ஓட்டும் காரும், சுண்டி இழுக்கும் கொக்கைனும் சேர்ந்து போதைக்கு விளம்பரம் மாதிரி இருந்தது. காப்ரினி கிரீனில் வளர்ந்தவருக்கு அந்தப் பொடி என்ன செய்யும்னு தெரியாதா? விலகியிருக்கலாம். விலகவில்லை. படம் சொல்லாததைப் பாட்டில் சொன்னார்.

படத்தில் ஃப்ரெடி என்று ஒரு சின்னக் கதாபாத்திரம். நல்லவன், பயந்தவன், பெரிய ஆட்களுக்கு நடுவில் மாட்டி ஒரு கார் மோதிச் சாகிறான். ஹீரோவின் கதை மேலே போய்க்கொண்டே இருக்கும், ஃப்ரெடியை நாம் மறந்துவிடுவோம். மேஃபீல்டு மறக்கவில்லை. ஆல்பத்தின் முதல் ஹிட்டே அவன் சாவைப் பற்றிய 'ஃப்ரெடிஸ் டெட்'. படத்தில் அந்தப் பாட்டு வார்த்தை இல்லாமல் வெறும் இசையாகத்தான் வரும். அதனாலேயே ஆஸ்கர் போட்டிக்கும் தகுதி பெறவில்லை. ஆனா ரெக்கார்டு படத்துக்குச் சில வாரம் முன்னாடியே கடைக்கு வந்துவிட்டது. ஜனங்க தியேட்டருக்குள் போகும்போதே ஃப்ரெடிக்காக அழும் வார்த்தைகள் அவங்க வாயில் இருந்தன. 'புஷர்மேன்' இன்னும் ஒரு படி மேலே. போதை விற்பவனே தன்மையாக, அன்பாக நம்மிடம் பேசுகிறான். கத்தியிருந்தால் பயந்து ஓடுவோம். அந்தக் குழைவில்தான் விஷம் எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று புரியும்.

கேட்கும்போது கிட்டார் 'வாக் வாக்' என்று பேசுவது போல ஒரு சத்தம் வரும். அது வா-வா பெடல். ஈ.சி.ஈ. மக்களே, உங்க பாடம்தான் இது: காலால் அழுத்தும்போது ஃபில்டரின் ரெசோனன்ஸ் அதிர்வெண் மேலும் கீழும் நகர்கிறது, அவ்வளவே. ஆனா அதை மனுஷக் குரல் மாதிரி ஆக்கினது கால் இல்லை, காது.

ஆல்பம் அமெரிக்கத் தரவரிசையில் 4 வாரம் முதலிடம். இதிலும் ஒரு முள் உண்டு. வயலின்களையும் ஊதுகுழல்களையும் கோத்துக்கொடுத்த ஜானி பேட், பாட்டு வரிகள் இல்லாத இரண்டு இசைத் துண்டுகள் தன்னுடையவை என்றார். பெயர் மேஃபீல்டுக்கு மட்டுமே போனது. இருவரும் பிரிந்தார்கள். உரிமையைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர், இன்னொருவர் உரிமை என்று வந்தபோது கையை இறுக்கிக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் மகன் டாட் 2016-ல் எழுதிய வாழ்க்கை வரலாறும் அப்பாவைத் தெய்வமாக்கவில்லை. எல்லாவற்றையும் தன் பிடிக்குள் வைத்திருக்கப் பார்த்தவர், வீட்டில் கடுமையானவர் என்று மறைக்காமல் சொல்கிறது.

நான்காவது ஆல்பம், 1975-ல் வந்த 'தேர்ஸ் நோ பிளேஸ் லைக் அமெரிக்கா டுடே'. முதலில் அட்டையைப் பாருங்க. காரில் சிரித்தபடி போகும் ஒரு வெள்ளைக் குடும்பத்தின் விளம்பரப் பலகை. அதற்குக் கீழே வரிசையில் நிற்கும் கறுப்பின மக்கள். மார்கரெட் பர்க்-ஒயிட் 1937-ல் லூயிவில் நகரில் வெள்ள நிவாரணத்துக்குக் காத்திருந்தவர்களை எடுத்த புகைப்படத்தைத் தழுவி வரைந்தது. பாட்டுகள் மெதுவானவை, இருட்டானவை. பழைய ஆல்பங்கள் அளவுக்கு இது விற்கவில்லை. இரவில் விளக்கை அணைச்சுட்டுக் கேளுங்க.

அதுக்கப்புறம் டிஸ்கோ அலை வந்தது, இவர் காற்று இறங்கியது. 1980-ல் கர்ட்டம் மூடப்பட்டது, அட்லாண்டாவுக்குக் குடிபோனார். அந்தப் பத்து வருஷத்தைத் தாண்டிப் போயிடலாம்.

1990 ஆகஸ்ட் 13. நியூயார்க்கின் புரூக்ளினில் விங்கேட் ஃபீல்டு என்ற திறந்தவெளி மைதானம். வானம் மோசமாக இருந்தது. மேஃபீல்டின் பெயரை அறிவித்தார்கள், கிட்டாரோடு மேடையில் ஏறினார். இன்னும் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. பெருங்காற்று அடித்து விளக்குகள் கட்டிய சாரம் அவர்மேல் சரிந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. வயது 48.

கிட்டார் அன்றோடு போயிற்று. கருப்புக் கட்டைச் சுருதியில் அந்தக் கை இனி வாசிக்காது. குரலும் ஏறக்குறையப் போனது. பாட மூச்சு வேண்டும், மூச்சுக்கு உடம்பின் தசைகள் வேண்டும். மேடை ஏறாமல் ஒரு பாடகருக்குப் பணம் கொண்டுவரக் கூடியது பாட்டின் உரிமை மட்டும்தான். அது அவர் கையில் இருந்தது. ராப் பாடகர்கள் அவருடைய பழைய ரெக்கார்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் பயன்படுத்திய காலம் அது.

சில வருஷம் கழித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தால் பாட்டுக்குக் காற்று போதவில்லை. மல்லாந்து படுத்தால் புவியீர்ப்பு நுரையீரலுக்கு ஒத்தாசை செய்தது. அப்படிப் படுத்தபடி, ஒரு மூச்சில் ஒரு வரி. ஓய்வு. அடுத்த வரி. ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கோத்தார்கள். 1996-ல் முழு ஆல்பமே வந்துவிட்டது: 'நியூ வேர்ல்டு ஆர்டர்'. 1998-ல் நீரிழிவால் ஒரு காலை எடுத்தார்கள். 1999 டிசம்பர் 26-ல் ஜார்ஜியா மாநிலத்தில் காலமானார், 57 வயதில்.

அதுதான் ஐந்தாவது ஆல்பம். 'சூப்பர் ஃப்ளை' கேட்ட அதே ஹெட்போனில், அதே சத்தத்தில் போட்டுக் கேளுங்க. வரிக்கும் வரிக்கும் நடுவில் ஒட்டு எங்கே இருக்குன்னு தேடிப் பாருங்க. எனக்கு இன்னும் அகப்படலை. 'பேக் டு லிவிங் அகெய்ன்' வரும்போது மட்டும் அவசரப்பட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடாதீங்க. முடியப்போற நேரத்தில் ஒரு பெண் குரல் வந்து அவரோடு சேர்ந்துகொள்ளும். அது அரீதா ஃபிராங்க்ளின்.