விண்ணில் ஏறிய காமிரா
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

உப்புப் பகுப்பாய்வு நடக்கும் நாட்களில் எங்கள் ஆய்வகத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும் என்று பிற துறை நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அழுகிய முட்டை நாற்றம் வீசும் அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் ஒரு பிரெஞ்சுக்காரரின் கனவையும் கருக்கியது என்று அறிந்த நாள்முதல் அவர்மீது எனக்கு ஒரு தனிப் பாசம். அவர்தாம் நதார்.

இயற்பெயர் பெலிக்ஸ் தூர்னஷோன். 1820 ஏப்ரலில் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் புத்தக வெளியீட்டுத் தொழிலில் நொடித்துப்போனவர். மருத்துவம் படிக்கத் தொடங்கிய மகன், பணமின்றிப் பாதியில் நிறுத்தினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆகவே அந்த இடத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அவரோ பத்திரிகைகளுக்கு எழுதினார், கேலிச்சித்திரம் வரைந்தார், பின்பு புகைப்பட நிலையம் வைத்தார். கவிஞர் போதலேர், நடிகை சாரா பெர்ன்ஹார்ட் போன்றோரின் முகங்களை நாம் இன்று காண்பது அவருடைய காமிராவின் வழியாகத்தான்.

ஆனால் அவர் மனமோ வானத்தில் இருந்தது. பறவையின் கண்ணுக்குத் தெரியும் பூமியைப் படமாக்க வேண்டும்! 1858-இல் பாரிஸுக்கு அருகே, கயிற்றால் கட்டப்பட்ட பலூனில் ஏறினார். அக்காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். ஆகவே பலூன் கூடையிலேயே ஓர் இருட்டறைக் கூடாரம்! மேலே ஏறினார், எடுத்தார், கழுவினார். தகடு கருத்திருந்தது. மறுபடியும் ஏறினார், மறுபடியும் கருப்புதான். மருந்தை மாற்றினார், பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவினார். செலவோ ஏறிக்கொண்டே போனது. எங்கே பிழை என்று மட்டும் புலப்படவில்லை. விடை வராத உப்பைக் கையில் வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும்.

ஒரு நாள் காலைக் குளிரில் வாயு சுருங்கி, பலூன் எழும்ப மறுத்தது. கூடையிலிருந்த பாரத்தையெல்லாம் இறக்கினார். உடுப்புகளைக்கூடக் களைந்தார் என்பர். இருக்கும் வாயுவும் போய்விடக்கூடாதென்று, வழக்கமாகத் திறந்தே வைக்கும் பலூனின் வாயை அடைத்துவிட்டு ஏறினார். சுமார் 80 மீட்டர் உயரம். இம்முறை தகட்டில் மங்கலாக ஒரு பண்ணை வீடு, ஒரு சத்திரம், ஒரு காவலர் இல்லம்! காரணமும் அப்போதுதான் விளங்கிற்று. பலூனில் இருந்தது விளக்கெரிக்கும் நிலக்கரி வாயு. அதில் கலந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு கழுத்து வழியே கசிந்து, தகட்டிலிருந்த வெள்ளி அயோடைடைக் கரிய வெள்ளி சல்பைடாக்கி வந்திருக்கிறது! நாம் குறிப்பேட்டில் ஒரு வரியில் எழுதும் வினை.

அந்தப் படம் இன்று இல்லை. எஞ்சியிருப்பவற்றுள் பழமையான வான்படம், 1860-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை வேறொருவர் எடுத்தது.

பலூனைக் காற்று இழுத்த பக்கம்தான் போக முடியும். காற்றைவிடக் கனமான பொறியே உண்மையில் பறக்கும் என்பது நதாரின் நம்பிக்கை. அதற்கென ஒரு சங்கம் கண்டார். அதன் செயலாளர் கதாசிரியர் ஜூல்ஸ் வெர்ன். நிதி திரட்ட அவர் செய்ததுதான் விந்தை. 1863-இல் 'ராட்சதன்' என்ற பெயரில் 6,000 கன மீட்டர் கொள்ளும் மாபெரும் பலூனைக் கட்டினார். பலூனை ஒழிக்கப் பலூன்! என் கருத்தில் இது பெரும் பிழை. இரண்டாம் பயணத்தில் ஜெர்மானிய நாட்டு ஹனோவர் அருகே காற்று அதைத் தரையோடு இழுத்துச் சென்றது. நதாரும் உடன் சென்ற மனைவி எர்னஸ்டீனும் பலத்த காயமுற்றனர். பணமும் போயிற்று.

ஆயினும் 1870-இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது அதே பலூன் அறிவு கைகொடுத்தது. மோன்மார்த்ர் குன்றிலிருந்து கடிதங்களை ஏற்றிப் பலூன்கள் பகைவரின் தலைக்கு மேலே சென்றன. ஏற்பாட்டில் நதார் முன்னின்றார்.

1909 ஜூலை 25 அன்று பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் காற்றைவிடக் கனமான விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 89 வயது முதியவர் ஒருவர் அவருக்கு மகிழ்ச்சி பொங்கத் தந்தி அனுப்பினார். மறு ஆண்டு மார்ச்சில், தொண்ணூறு நிறைய இரு வாரங்களே இருந்தபோது, நதார் காலமானார்.