கதிரோடு காத்த களஞ்சியம்: யூசுஃப் (அலை) அவர்களின் வாழ்வு

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! நம் திண்டுக்கல்லைச் சுற்றி நெல்லும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடும் சிறு விவசாயிகளைப் பாருங்கள். அறுவடை முடிந்த கையோடு விற்றுவிடுகிறார்கள். எல்லாருடைய சரக்கும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருவதால் விலை விழுகிறது. வீட்டில் வைத்தாலோ வண்டு, பூஞ்சை, எலி. மாதக்கணக்கில் பாடுபட்ட ரிஜ்கு கண்முன்னே வீணாகிறது. இந்தக் கவலைக்கு வழிகாட்டும் ஒரு நபியின் வாழ்வை இன்று பார்ப்போம்.

கிணறு முதல் சிறை வரை

யஃகூப் (அலை) அவர்களின் அன்பு மகன் யூசுஃப் (அலை). 11 நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குச் சிரம் பணிவதாகச் சிறு வயதிலேயே கனவு கண்டார்கள். பொறாமை கொண்ட சகோதரர்கள் அவர்களைக் கிணற்றில் தள்ளினார்கள். வழிப்போக்கர் கூட்டம் ஒன்று கண்டெடுத்தது. அற்பக் காசுக்கு விற்கப்பட்டு மிஸ்ரு நாட்டின் அதிகாரி ஒருவர் வீட்டில் வளர்ந்தார்கள். அந்த வீட்டுப் பெண் பாவத்துக்கு அழைத்தபோது அல்லாஹ்வுக்கு அஞ்சி விலகினார்கள். அதற்குக் கிடைத்தது சிறை.

அரசரின் கனவு

பல ஆண்டுகள் கழித்து அரசர் ஒரு கனவு கண்டார். 7 கொழுத்த பசுக்களை 7 மெலிந்த பசுக்கள் தின்றன. 7 கதிர்கள் பச்சையாகவும் மற்றவை காய்ந்தும் இருந்தன. யாருக்கும் விளக்கம் தெரியவில்லை. சிறையிலிருந்த யூசுஃப் (அலை) அவர்கள் கனவின் பொருளைச் சொன்னதோடு நிற்கவில்லை, திட்டமும் சொன்னார்கள். 7 ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடுங்கள். உண்ணத் தேவையான கொஞ்சத்தைத் தவிர மற்றதைக் கதிரோடு விட்டுவையுங்கள். பின்வரும் 7 பஞ்ச ஆண்டுகளில் அதை உண்ணுங்கள். அப்போதும் சிறிது மீதம் வையுங்கள் என்பது அதன் சாரம்.

ஏன் கதிரோடு? அடிக்கும்போது மணி உடையும், உடைந்த மணியில் வண்டு சீக்கிரம் ஏறும். உமி மூடிய மணியோ கெடாமல் இருக்கும், விதைத்தால் முளைக்கும். நம் பாட்டிமார் விதைக்கான சோளக்கதிரை அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிட்டதும் இந்த அறிவால்தான்.

களஞ்சியப் பொறுப்பு

விடுதலை வந்தபோதும் அவர்கள் உடனே வெளியேறவில்லை. தம் மீதான பழி பொய் என்று நிரூபணமான பின்பே வந்தார்கள். நாட்டின் களஞ்சியங்களைத் தாமே கேட்டுப் பெற்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய தகுதி இரண்டு: பாதுகாப்பவர், அறிந்தவர். பஞ்சம் வந்தது. தானியம் கேட்டு வந்தவர்களில் கிணற்றில் தள்ளிய சகோதரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் அளவு குறையாமல் அளந்து கொடுத்தார்கள். பின்னர் மன்னித்தார்கள், பெற்றோரை அழைத்துக் கண்ணியப்படுத்தினார்கள். அதிகாரத்தின் உச்சியில் நின்று, முஸ்லிமாகவே மரணிக்க வேண்டும் என்று துஆ கேட்டார்கள்.

நமக்கான பாடங்கள்

1. சேமிப்பு தவக்குலுக்கு எதிரானதல்ல. நபி (ஸல்) அவர்களும் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை எடுத்துவைத்ததாக ஹதீஸில் வருகிறது.

2. பாதுகாக்க அறிவு வேண்டும். தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 12 சதவீத அளவுக்கு இறங்கட்டும். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறையும் வெளியே சாக்கும் கொண்ட காற்றுப்புகாத பைகள் இன்று இருக்கின்றன. இறுக்கிக் கட்டினால் காற்றில்லாமல் வண்டு செத்துவிடும், மருந்து தேவையில்லை. ஈரத்தோடு கட்டினால் மட்டும் பூஞ்சை பிடிக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய, தானியத்துக்குள் செருகும் பூச்சிப்பொறி, வண்டு பெருகும் முன்பே காட்டிக்கொடுக்கும். வெங்காயத்துக்கு இது நேர்மாறு: காற்றோட்டமே உயிர். அதனால்தான் நம் விவசாயிகள் பட்டறை போடுகிறார்கள்.

3. சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு. தன் நிலத்தில் விளைந்ததைக் காத்துவைப்பது பதுக்கலாகாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் கூறுகிறார்கள். ஆனால் மக்கள் பசியில் தவிக்கும்போது விலை ஏறட்டும் என்று பூட்டிவைப்பது முஃமினுக்கு ஆகாது. யூசுஃப் (அலை) அவர்கள் திரட்டியது கொடுப்பதற்காகவே.

4. பையும் பட்டறையும் இருந்தும் விவசாயி ஏன் உடனே விற்கிறார்? கடன்காரர் வாசலில் நிற்கிறார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் சரக்கை வைக்கலாம். அதன்மேல் பொருளீட்டுக் கடனும் தருகிறார்கள். ஆனால் அதற்கு வட்டி உண்டு. வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்த மனிதர் பிறகு எங்கே போவார்?

ஜமாஅத்தார்களே! பதில் நம்மிடம்தான் இருக்கிறது. மஹல்லாவில் வசதியுள்ளவர்கள் சேர்ந்து கர்ழன் ஹஸனா நிதி ஒன்று வைக்கலாம். அறுவடை நேரத்தில் வட்டியில்லாமல் கொடுத்து, சரக்கு விற்றதும் திரும்பப் பெறலாம். இரண்டு மூன்று மாதம் பொறுக்க முடிந்தால் அந்தக் குடும்பம் நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். இதன் பயன் பிற சமய விவசாயச் சகோதரர்களுக்கும் கிடைக்கட்டும்; யூசுஃப் (அலை) அவர்களின் களஞ்சியம் நாடு முழுவதற்கும் திறந்திருந்தது.

யா அல்லாஹ்! எங்கள் விளைச்சலில் பரக்கத் செய்வாயாக. அதைக் காக்கும் அறிவையும், கொடுக்கும் மனதையும் தருவாயாக. வட்டியிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.