யார் இந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்? தேய்ந்த டயருக்கு மறுவாழ்வு கொடுத்த நெல்லைக்காரர்!

பைக் டயர் தேய்ந்துபோச்சா? டயர் லிவரும் சோப்புத் தண்ணியும் இருந்தா வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். கடைக்குப் போனால் புது டயர் ரெடி. ஆனால், காசு இருந்தும் டயர் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. அப்போது பஸ்களை ஓட வைக்க வழி தேடியவர்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

திருநெல்வேலி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள திருக்குறுங்குடியில் 1877 மார்ச் 22-ல் பிறந்தார். டிவிஎஸ் என்ற பெயரில் முதல் எழுத்து குறிப்பதே இந்த ஊரைத்தான்.

வக்கீல் வேலை, ரயில்வே, வங்கி என எதிலும் அவர் நிலைக்கவில்லை. 1911-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1912-ல் மதுரையில் பஸ் ஓடத் தொடங்கியது.

டயருக்கு எதிரி ஆணி!

அன்றைய ரோடுகளில் மாட்டு வண்டிகள்தான் அதிகம். மாட்டின் குளம்பிலிருந்து கழன்று விழும் லாட ஆணி, பஸ் டயரைப் பதம் பார்த்துவிடும். அதனால் காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்று சொல்லப்படுவதுண்டு.

போர் வந்தது, ரப்பர் போச்சு

இரண்டாம் உலகப் போரில், 1942-ல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் வசமாயின. ரப்பர் வரத்து சுருங்கியது. டயர் குதிரைக்கொம்பானது. பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு.

பஸ் நின்றால் ஊரே முடங்கும். பெட்ரோல் இல்லாமலே வண்டியை ஓட்ட ‘டிவிஎஸ் கேஸ் பிளான்ட்’ தயாரித்தார் சுந்தரம் ஐயங்கார். டயருக்கு ரீட்ரெடிங் தொழிற்சாலை தொடங்கினார்.

ரீட்ரெடிங் என்றால்? தேய்ந்த மேல்பகுதியைச் சுரண்டி எடுத்து, புது ரப்பரை ஒட்டி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக வைப்பது. உள்கட்டுமானம் நல்லா இருந்தா போதும், பழைய டயர் மறுபடி ரோட்டுக்கு வந்துவிடும். ரப்பர் செலவும் கொஞ்சம்தான்.

வீட்டிலும் துணிச்சல்

இளம் வயதிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரத்தை, ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் டாக்டருக்குப் படிக்க வைத்தார். பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கியவர் அந்த மகள்தான்.

1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். அவர் போட்ட வழியில் வந்த டிவிஎஸ் ஸ்ரீசக்ரா நிறுவனம், இன்று மதுரை அருகே வெள்ளரிப்பட்டியில் டூவீலர் டயர்களைத் தயாரிக்கிறது. வாசலில் நீங்கள் மாட்டும் புது டயர், அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம்!