கைவிளக்கும் வண்ணப்படமும்

கைவிளக்கேந்திய காரிகை என்றதுமே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் உருவம் நம் மனக்கண் முன் வந்து நிற்கும். ஆனால் தோழியரே, அவ்விளக்கைக் காட்டிலும் அவர் கைக்கொண்ட எழுதுகோலே பெரிது என்பது என் எண்ணம்.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில், செல்வம் கொழித்த ஆங்கிலக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையாரே வீட்டில் ஆசானாக இருந்து பல மொழிகளைக் கற்பித்தார். மகளுக்கோ கணக்கின் மீதும் தீராத காதல். செவிலித் தொழில் குலப்பெண்களுக்கு ஏற்றதன்று எனக் குடும்பத்தார் தடுத்தும் அவர் மனம் மாறவில்லை.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். அங்கே அழுக்கு, எலிகள், கட்டடத்தின் அடியில் தேங்கிய சாக்கடை! 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைச் சுத்தம் செய்த பின்னர் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன.

1856இல் தாயகம் திரும்பிய அம்மையாரை ஒரே கவலை வாட்டியது. மாண்டவர் மாண்டனர், இனி இருப்பவரையாவது காக்க வேண்டாமா? அதற்கு அமைச்சர்களும் தளபதிகளும் உண்மையை உணர வேண்டும். எண்கள் நிறைந்த பட்டியலை அவர்கள் புரட்டிப் பார்ப்பார்களா? புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் அவருக்குப் பெரிதும் உதவியவர். ஆயினும் புள்ளிவிவரம் வறண்டிருப்பதே நன்று என்பது அவர் கொள்கை. அம்மையார் அதற்கு இணங்கவில்லை.

1858இல் அவர் வெளியிட்ட படம் மலர் போன்றது. ஒரு வட்டம், அதில் மாதத்திற்கு ஒன்றாகப் பன்னிரண்டு இதழ்கள். காயத்தால் இறந்தோர் சிவப்பு, பிற காரணங்களால் இறந்தோர் கறுப்பு, நோயால் இறந்தோர் நீலம். 1855 ஜனவரி மாதத்தில் மட்டும் காயத்தால் மாண்டவர் 83 பேர். நோயால் மாண்டவரோ 2,761 பேர்! நீல நிறம் இதழ் முழுவதையும் விழுங்கி நின்றது. அருகிலேயே அடுத்த ஆண்டின் வட்டம், சுருங்கிச் சிறுத்து. இதழின் நீளத்தை அன்றி அதன் பரப்பையே எண்ணிக்கைக்கு ஏற்ப அமைத்தார். நீளத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிப் பார்ப்பவரை ஏமாற்றிவிடுமல்லவா?

சொல்லிலும் அதே கவனம். நீல நிறத்திற்கு நோய் என்று மட்டும் குறிப்பு எழுதியிருந்தால், விதி என்று சொல்லி எல்லாரும் நகர்ந்திருப்பர். தடுக்கக்கூடிய நோய் என்று எழுதினார். அந்த ஒரு சொல், தடுக்கத் தவறியவர் யார் என்ற வினாவை எழுப்பியது. அமைதிக் காலத்தில், தாய்நாட்டுப் படைவீடுகளிலேயே, இளம் வீரர்கள் பொதுமக்களைவிட ஏறத்தாழ இருமடங்கு இறந்தனர் என்பதையும் கோடுகளால் வரைந்து காட்டினார். படைவீடுகளில் காற்றோட்டமும் நல்ல குடிநீரும் வடிகாலும் அமையலாயின. இராணுவ மருத்துவப் பள்ளியும் தோன்றியது. அதே 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

நம் நாட்டிற்கு அவர் ஒருமுறையேனும் வந்ததில்லை. எனினும் இங்குள்ள படை நிலையங்களுக்கு வினாத்தாள் அனுப்பிப் பெற்ற விடைகளை ஆராய்ந்தார்; அவை 1863இல் வெளியான இந்தியச் சுகாதார அறிக்கையில் இடம்பெற்றன.

1910 ஆகஸ்டு 13இல் அம்மையார் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யும் பெருமையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ சிற்றூரிலுள்ள கல்லறையில் அவருக்கென்று பொறித்திருப்பவை பெயரின் இரண்டு முதலெழுத்துகளும், பிறந்த நாளும் இறந்த நாளுமே.