பன்சி சந்திரகுப்தா

பன்சி சந்திரகுப்தா (1924 – சூன் 27, 1981) இந்தியத் திரைப்படக் கலை இயக்குநர் ஆவார். சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி (1955) முதலாகப் பல வங்காளத் திரைப்படங்களுக்கு அரங்குகளை அமைத்தவர். திரைச்சீலையில் வரையப்பட்ட தூண்களும் மாடங்களுமே அரங்கு எனக் கருதப்பட்ட காலத்தில், மனிதர் வாழ்ந்து பழகிய இடம் போன்ற அரங்குகளை இந்தியத் திரைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். அழிந்துபோன அரசவையையும் ஆட்சி மாளிகையையும் படப்பிடிப்புத் தளத்துக்குள் மீட்டெடுத்த சத்ரஞ்ச் கே கிலாடி (1977) அவரது குறிப்பிடத்தக்க பணிகளுள் ஒன்று.

இளமைக் காலம்

பன்சி இன்று பாக்கித்தானில் உள்ள சியால்கோட்டில் பிறந்தார். வளர்ந்தது காசுமீரில். ஓவியராக வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது. சிறீநகருக்கு வந்திருந்த ஓவியர் சுபோ தாகூரின் தொடர்பு அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றது. ஆனால் அந்நகரில் அவர் நிலைத்தது ஓவியத்தில் அன்று, திரைப்படத்தில். 1947 இல் சத்யஜித் ராய், சிதானந்த தாசுகுப்தா முதலியோருடன் சேர்ந்து கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

பிரெஞ்சு இயக்குநர் சான் ரெனுவார் தி ரிவர் (1951) படத்தை எடுக்கக் கல்கத்தாவுக்கு வந்தது பன்சியின் வாழ்வில் திருப்புமுனையாயிற்று. அப்படத்தின் கலை அமைப்பாளரான எழேன் லூரியேவிடம் அவர் உதவியாளராகப் பணியாற்றினார். ஓர் இடத்தைப் பார்த்து அளந்து, கதைக்கு வேண்டியதை மட்டும் கொண்டு மீண்டும் கட்டும் முறையை அவர் அருகிருந்து கற்றது இங்கேதான்.

ராயுடன் பணி

பதேர் பாஞ்சாலியில் வரும் சிதைந்த வீடு, கல்கத்தாவை அடுத்த போரால் சிற்றூரில் உண்மையாகவே இருந்த ஒரு பாழ்வீடு. அதைக் கதைக்கு ஏற்றவாறு மாற்றியமைத்ததுடன், இரவுக் காட்சிகளுக்கு வேண்டிய பகுதிகளைப் படப்பிடிப்புத் தளத்திலும் கட்டினர். இடம் எங்கே முடிகிறது, அரங்கு எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. அபராஜிதோ (1956) படத்தில் வரும் காசி நகர வீட்டின் முற்றம் முழுவதும் அரங்கே. திறந்த முற்றத்தில் விழும் நிழலற்ற பகல் ஒளி வேண்டும் என்பதற்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அரங்கின் மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதன்மீது பாய்ச்சித் திருப்பி இறக்கினார். நல்ல அரங்கு ஒளிப்பதிவாளருக்கும் சேர்த்தே கட்டப்படுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஜல்சாகர் (1958) படத்தில் வெளிப்புறம் நிம்திதா அரண்மனை. ஆனால் படத்தின் பெயருக்கே உரிய இசைக்கூடம் படப்பிடிப்புத் தளத்தில் கட்டப்பட்டது. சாருலதா (1964) படத்தின் 19 ஆம் நூற்றாண்டுக் கல்கத்தா வீடும் நாயக் (1966) படத்தின் ரயில் பெட்டியும் அவ்வாறே. கூப்பி காயின் பாகா பாயின் (1969) படத்தில் சுண்டி, அல்லா என்னும் இரு கற்பனை நாடுகளின் அரசவைகள் வருகின்றன. இரு மன்னர்களாகவும் நடித்தவர் சந்தோசு தத்தா ஒருவரே. எனவே எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதை முகம் சொல்லாது, மண்டபம்தான் சொல்ல வேண்டும்.

ஆட்சி மாளிகைகள்

கற்பனை நாட்டு அரசவையை எப்படியும் கட்டலாம். மக்கள் அறிந்த கட்டடம் அவ்வாறன்று. ஆட்சி நடக்கும் கட்டடங்களில் படம்பிடிக்க இசைவு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பாதுகாப்பும் அலுவல் நேரமும் இடம் தரா. ஆகவே ஒளிப்படங்களையும் ஓவியங்களையும் பார்த்து, கேமராவின் கண்ணில் படும் பகுதியை மட்டும் மரச்சட்டம், ஒட்டுப்பலகை, சாந்து ஆகியவற்றால் எழுப்புவர். உள்ளே பார்க்கவே முடியாத கட்டடமாயின் கற்பனையே துணை. கோல்டுஃபிங்கர் (1964) படத்துக்காக அமெரிக்க அரசின் தங்கக் கிடங்கான ஃபோர்ட் நாக்சின் உட்புறத்தைக் கென் ஆடம் அமைத்தது அப்படித்தான்.

சத்ரஞ்ச் கே கிலாடியில் பன்சி எதிர்கொண்ட இடர் வேறு வகையானது. பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவிய அப்படம், 1856 இல் அவத் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றியதைக் கூறுகிறது. கதைக்கு இரு அதிகாரபீடங்கள் தேவை. ஒன்று நவாப் வாசித் அலி சாவின் அரசவை. மற்றது கம்பெனியின் பேராளர் அவுட்ராம் அமர்ந்த ரெசிடென்சி. இலக்னோவில் இவ்விரண்டுமே பழைய நிலையில் இல்லை. ரெசிடென்சி 1857 முற்றுகையில் குண்டுகளால் துளைக்கப்பட்டு இன்றும் இடிபாடாகவே காக்கப்படுகிறது. நவாப் கட்டிய கைசர்பாக் அரண்மனையின் பெரும்பகுதியைக் கிளர்ச்சிக்குப்பின் ஆங்கிலேயர் இடித்துவிட்டனர். கைப்பற்றியவரின் அலுவலகமும் இழந்தவரின் அரண்மனையும் ஒருங்கே அழிந்துபோயின; இரண்டையும் உட்புறமாக மீண்டும் கட்டவேண்டியிருந்தது.

பன்சி இரண்டையும் ஒரே அளவுகோலால் அமைக்கவில்லை. ரிச்சர்டு அட்டன்பரோ அவுட்ராமாக நடித்த காட்சிகளின் அறை அளவான பொருள்களுடன் அலுவல் இடமாகவே காட்சியளிக்கிறது. அம்சத் கான் நவாபாகத் தோன்றும் அரசவை வண்ணமும் அணியும் நிறைந்தது. பத்திரத்தில் கையொப்பமிட மறுத்து, தம் முடியைக் கழற்றி அவுட்ராமிடம் நவாப் நீட்டும் காட்சி அந்தச் செழிப்பின் நடுவிலே நிகழ்வதால்தான் அவ்வளவு கனக்கிறது. அரங்கு வெறும் பகட்டாக இருந்திருந்தால், நாட்டை இழக்கும் மன்னன் கேலிப் பொருளாகியிருப்பான்.

பம்பாயும் இறுதி ஆண்டுகளும்

1970களின் தொடக்கத்தில் பன்சி பம்பாய்க்கு இடம்பெயர்ந்தார். சீமா, தோ சூட் ஆகிய இந்திப் படங்களுக்குச் சிறந்த கலை இயக்கத்துக்கான பிலிம்பேர் விருது பெற்றார். அபர்ணா சென்னின் 36 சௌரங்கி லேன், சியாம் பெனகலின் கல்யுக், பம்பாய்ச் சேரி வாழ்வைக் காட்டிய சக்ரா ஆகிய மூன்றும் 1981 இல் வெளிவந்தவை. தனித்து வாழும் ஆங்கிலோ இந்திய ஆசிரியையின் குடியிருப்பு, செல்வரின் மாளிகை, சேரிக் குடிசை என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று உலகங்கள் அவை. சேரி வாழ்வை அரங்காகக் கட்டும் இவ்வழக்கத்தைத் தமிழ் வாசகர் நாயகன் (1987) படத்துக்காகத் தோட்டா தரணி சென்னை வீனசு படப்பிடிப்புத் தளத்தில் எழுப்பிய தாராவி வழியே அறிவர். பின்னாளில் பேரரங்குகள் நகருக்கு வெளியே நகர்ந்தன. வேலப்பன்சாவடி, பூந்தமல்லி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தில் அமைந்த ஈவிபி திரைப்பட நகரம் அதற்கோர் எடுத்துக்காட்டு.

1981 சூன் 27 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள புரூக்கேவனில் மாரடைப்பால் பன்சி சந்திரகுப்தா காலமானார். சக்ரா படத்துக்கான பிலிம்பேர் விருது அவரது மறைவுக்குப்பின் 1982 இல் வழங்கப்பட்டது. கல்யுக் படத்தில் அவருடன் பணியாற்றிய சியாம் பெனகல், 2014 இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சிக்காக எடுத்த சம்விதான் தொடரில் அரசியல் நிர்ணய மன்றம் கூடிய மண்டபத்தை அரங்காக அமைத்துப் படமாக்கினார்.